ஐம்பது சென்ட் வெளிச்சம்

மலையோரச் சிற்றூரின் பழைய தேவாலயம் பகல் பதினொரு மணிக்கும் இருட்டாகவே இருக்கிறது. மெழுகும் ஈரக்கல்லும் மணக்கின்றன. பக்கவாட்டுப் பீடத்தின் முன்னால் எர்சிலியா நிற்கிறாள். கண்புரை அறுவை முடிந்து இன்று காலைதான் கட்டு அவிழ்த்தார்கள். ஆறு வருடமாகப் புகைபோலத் தெரிந்த மாதா படத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று, வெயிலுக்குக் கூசும் கண்ணைக் கையால் பொத்தியபடி நேரே இங்கே வந்துவிட்டாள். படத்துக்கு மேலே விளக்கு இருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் ஐம்பது சென்ட் காசு போட்டால் இரண்டு நிமிடம் எரியும். உள்ளூர்க்காரர் யாரும் போட்டதில்லை. சுற்றுலா வந்தவர்கள் போடும்போது பின்னால் நின்று பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். இன்றைக்கென்று ஒரு பயணிகூட இல்லை.

"கொஞ்சம் பொறு, எவனாவது ஜெர்மன்காரன் வருவான்," என்கிறார் கணவர் ஓரெஸ்தே.

"அவன் வர்றதுக்குள்ள அடுத்த கண்ணும் போயிடும். நம்ம மாதாவைப் பார்க்க அவன் காசா? போடு, கஞ்சப்பயலே!"

ஓரெஸ்தே முணுமுணுத்தபடி சட்டைப் பையைத் துழாவுகிறார். நாணயம் விழும் ஓசை கூரைவரை போய்த் திரும்புகிறது. விளக்கு எரிகிறது. மாதாவின் நீல மேலங்கியும் குழந்தையின் கையிலுள்ள குருவியும் பளிச்சென்று துலங்குகின்றன. எர்சிலியா பார்ப்பது படத்தை அல்ல, பக்கத்தில் நிற்கும் கணவரை.

"அடப்பாவி, உனக்கு எப்ப இவ்வளவு வயசாச்சு?"

"விளக்கு அணைஞ்சிடும்டி, படத்தைப் பாரு."

"மாதா எங்கேயும் போக மாட்டா," என்று அவர் கன்னத்துச் சுருக்கத்தை விரலால் தடவுகிறாள். "நீ அசையாம நில்லு."