சிவப்புக்குச் சிவப்பு

ஒரு பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரசர் ஒன்று இருந்தது. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் புதிதாக ஒரு ஸ்ப்ரே கன் வந்தது. இரண்டும் நல்ல சிவப்பு. ஜோடி பொருந்திவிட்டதென்று குழாய் மாட்டிவிட்டார்கள்.

"எனக்கு விடாமல் நிறையக் காற்று வேணும். உங்களால முடியுமா?" என்று கேட்டது கன்.

"என் முள் காட்டுற அழுத்தத்தைப் பாரும்மா! லாரி டயரே என்னைக் கண்டா நடுங்கும்" என்றது கம்ப்ரசர்.

எதிரே ஒரு பழைய கார் பதைப்போடு நின்றது. வாங்க வருகிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அதற்கு இரும்புக்கடைதான்.

பானெட்டில் பாதி பளபளத்தது. அதற்குள் கம்ப்ரசருக்கு மூச்சு வாங்கியது. கன் இருமியது, துப்பியது. காரின் முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் ஆனது.

"வாய்தான் பெரிசு, வயித்துல காத்தே இல்லை!" என்றது கன்.

"நீ குடிக்கிற குடிக்குப் புயலே வந்தாலும் பத்தாதுடி!" என்றது கம்ப்ரசர்.

வாங்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இரும்புக்கடை வண்டி காரை இழுத்துக்கொண்டு போனது. அது அழுதுகொண்டே போவதை இரண்டும் பார்த்தன.

"அந்தக் கார் கொஞ்சம் ஆடாம நின்னிருக்கலாம்" என்றது கன்.

"அதானே! நானும் அப்பவே கவனிச்சேன்" என்றது கம்ப்ரசர். "போகட்டும் விடு, அடுத்த காரை வரச் சொல்லு."