கை வீசி நடந்தவள்

வலது தோள் கழன்று விழுந்துவிடும்போலக் கடுத்தது. அக்குளில் தையல் போட்ட இடத்தில் ஈரச்சாக்கு உரசி எரிந்தது.

சாந்தம்மாள் எடைக்கு நின்றாள். நாளுக்கு இருபத்தொரு கிலோ தேயிலைக் கொழுந்து இல்லையென்றால் வேலைக்கு ஆகாதவள் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுச் சாவியைக் கேட்பார்கள்.

புற்றுக்கு வலது மார்பை எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது.

எல்லாம் அந்தக் காகிதத்தால் வந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் சிஞ்சு என்கிற பெண் கொடுத்தது. தினமும் அரைமணி நேரம் சமதரையில் கை வீசி நடக்க வேண்டுமாம். படத்தில் பூட்ஸ் போட்ட ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தாள். இருபத்தெட்டு வருஷம் மலையேறிய காலுக்கு நடக்கப் பாடம்!

இந்த எஸ்டேட்டில் சமதரை மேனேஜர் பங்களா முன்னால் மட்டும்தான். போய் நடந்தாள். இரண்டு நாளில் தோள் கொஞ்சம் இளகியது. தலைசீவக் கை எட்டியது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் சுருளிவேல் பார்த்துவிட்டான்.

சுமையில்லாமல் கை வீசி நடக்கிறவளைச் சீக்காளி என்று இந்த மலையில் எந்த நாயும் நம்பாது. அன்றைக்கே சீக்கு லீவு ரத்தாயிற்று. முந்தாநாள்.

தராசில் சாக்கு ஏறியது. இருபத்தொரு கிலோ. நேற்றும் அதேதான்.

சுருளிவேல் இளித்தான்.

அடுத்த சாக்கு பக்கத்து நிரை முருகேஸ்வரியுடையது. நாள் தவறாமல் முப்பத்தைந்து கிலோ எடுத்து, மேற்கிலோவுக்குத் தனிக்காசு வாங்குகிறவள். நேற்றுப்போல இன்றும் இருபத்தொன்றில் நின்றது முள்.

"ஒனக்கு என்ன கேடு? நோயாளி எடுத்ததுக்கு மேல ஒரு பிடி இல்லையே. நீயும் போயி பங்களா வாசல்ல கை வீசி நட."

"நடந்துட்டாப் போச்சு. மொதல்ல நீரு அந்தத் தொப்பையத் தூக்கிட்டு நடந்து காட்டும்."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். சாந்தம்மாள் சிரிக்கவில்லை. காலிச்சாக்கை இடது கையாலேயே மடித்தாள்.

அவள் தன் கையால் எடுத்தது ஏழு கிலோதான். நேற்றும் ஏழு.

இரண்டு நாளில் முருகேஸ்வரிக்கு அவள் இருபத்தெட்டு கிலோ கொழுந்து கடன்.