திறந்திருந்த ஃபைல்

"தம்பி, நீ போட்டுக் கொடுத்த லினக்ஸ் சர்வர் மக்கர் பண்ணுது. மொழிபெயர்ப்பு ஃபைலை வேற யாரோ திறந்து வச்சிருக்காங்களாம், திருத்த விடமாட்டேங்குது. சாயங்காலம் அனுப்பியாகணும்," என்றாள் அக்கா போனில்.

"சர்வர் அப்படித்தான்க்கா. ஒருத்தர் திறந்து வச்சிருந்தா அடுத்தவங்க படிக்கத்தான் முடியும். அத்தானை மூடச் சொல்லு," என்றான் தம்பி.

"அவரோட பேசி ஒரு வாரமாச்சுடா. அவர் எழுதி சர்வர்ல வைப்பார், நான் எடுத்துத் திருத்துவேன். வேலை அதுபாட்டுக்கு நடந்துச்சு."

"அம்மா சொன்னாங்க. இன்னைக்கு நீ வாயைத் திறந்துதான் ஆகணும்."

போனைக் கையில் பிடித்தபடியே அடுத்த அறைக்குப் போனாள்.

"ஃபைலை மூடுங்க."

"நானா? நீதான் திறந்து வச்சிருக்கேன்னு நினைச்சு காலையிலேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கேன்," என்றார் கணவர்.

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, நான் முதல்ல பேசினதா ஆயிடுமே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

துண்டிக்காத போனில் அதைக் கேட்ட தம்பி, காலையில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து திறந்து வைத்த அந்த ஃபைலை மூடினான்.