மூன்றாம் மாடிக் கோளாறு

"ஒரே ஒரு பக்கம். அதை எடுக்க நான் மூணு மாடி ஏறணுமா?"

தலைமை எழுத்தர் அம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? மேஜைக்குப் பக்கத்திலேயே புத்தம் புது பிரிண்டர் சும்மா கிடக்கிறது. இங்கே பொத்தானைத் தட்டினால் தாள் மூன்றாம் மாடியில் போய் விழுகிறது. லிஃப்ட் இல்லாத கட்டடம். அவளுக்கோ முழங்கால் வலி.

எல்லாம் அந்தக் கணினித் தம்பியின் திருவிளையாடல். அலுவலகத்து பிரிண்டர்களை எல்லாம் ஒரே சர்வரில் இணைத்து, எதில் எத்தனை பக்கம் ஓடுகிறது என்று எண்ணுவதற்காக ஒப்பந்தத்தில் எடுத்த ஆள்.

எண்ணச் சொன்னதே அவள்தான். இந்த மாதம் ஆயிரம் பக்கம் தேறாத இயந்திரத்தை எடுத்துவிட வேண்டியது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியது. ஒரே பக்கத்தில் சிக்கனச் சுற்றறிக்கை, கீழே அவள் கையெழுத்து.

"ஏம்பா, சர்வர்னா கேட்டதைக் கேட்ட இடத்துல கொண்டு வந்து வைக்கணும். உன் சர்வர் என்னையில்ல ஓட விடுது?"

"சின்னக் கோளாறு மேடம். மாசக் கடைசிக்குள்ள சரியாயிடும்."

"மூணு வாரமா இதே பாட்டுதான். இன்னைக்குத்தான் மாசக் கடைசி."

"அஞ்சு மணிக்குள்ள மேடம்."

செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் விறுவிறுவென்று புகார்க் கடிதம் அடித்தாள். 'வேலை தெரியாதவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.' இது மேலாளர் கைக்குப் போனால் நாளை முதல் அவனுக்கு வேலை இல்லை. இல்லாவிட்டால் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

பிரிண்ட் கொடுத்தாள். அதுவும் மூன்றாம் மாடிக்கே போனது.

கைப்பிடியைப் பிடித்து ஏறிப் போனபோது, அந்த மாடி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி மேல புகாரா மேடம்?"

"பின்னே, கொஞ்சச் சொல்றீங்களா?"

பெரியவர் தாளைக் கொடுக்கவில்லை.

"குத்தம் என்னுது மேடம். இந்த மாடியில பாதிப் பேர் வேற கட்டடத்துக்குப் போயிட்டாங்க. பிரிண்ட் எடுக்க ஆளே இல்ல. எனக்கு சர்வீஸ் இன்னும் எட்டு மாசம். இப்ப அனுப்பிட்டா பென்ஷன் போச்சு. கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதுப்பான்னு அவன்கிட்ட கெஞ்சினேன்."

"எழுதிட்டானா?"

"பொய்க் கணக்கு எழுத மாட்டேன்னுட்டான். வேணும்னா கீழ்மாடித் தாளை எல்லாம் இங்க திருப்பி விடறேன்னான். தினம் உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கறது அதுக்குத்தான் மேடம்."

இயந்திரத்துக்கு மேலே சுவரில் அவளுடைய சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் தேதிவாரியாகப் பென்சில் எண்கள். அவள் அந்த எண்களின் மேல் விரலை ஓட்டினாள்.

"எத்தனை ஆச்சு?"

"இந்தப் புகாரோட தொள்ளாயிரத்து எண்பத்தேழு."

மணி நாலு நாற்பது. கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். வந்த வழியே இறங்கினாள்.

அவளைக் கண்டதும் தம்பி எழுந்து நின்றான்.

"இதோ மேடம், சரி பண்ணிடறேன்."

"கையை வைக்காதே. அஞ்சு மணி வரைக்கும் அது கெட்டே கிடக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன்னுடைய சிக்கனச் சுற்றறிக்கையைத் திரையில் திறந்தாள். எத்தனை பிரதி வேண்டும் என்று கணினி கேட்டது.

பதின்மூன்று என்று தட்டினாள்.