சத்தம் சரியில்ல

நான் சொல்லுறது ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யெண்டா என்ர ஓட்டோ நாளைக்கு செக்பொயின்றுக்கு முன்னால ஸ்டார்ட் எடுக்காமல் நிக்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் திருகோணமலையில இல்ல.

இரண்டாயிரத்து ஏழு, சண்டை நேரம். துறைமுகப் பக்கம் ஜெமீல் ஒரு கேம் கடை வைச்சிருந்தவன். ரெண்டு ரீவி, ரெண்டு பிளேஸ்டேசன், எட்டுக் கதிரை. அதில ஏழுக்குத்தான் நாலு காலும் இருந்தது.

கடலுக்குப் போகத் தடை. ஓட்டோவுக்கு ஆள் இல்ல. வளந்த ஆம்பிளையள் எல்லாம் அங்கதான் கிடந்தம்.

பலகைச் சுவரோரக் கதிரை ஆனந்தராசா அண்ணைக்கு. மூதூரிலயிருந்து இடம்பெயர்ந்து வந்து, துறைமுக ஜெட்டியில மூட்டை தூக்கிறவர். மனுசனுக்கு விளையாடத் தெரியாது. ஆனா புதுக் கேம் வந்தா அவர்தான் முதல்ல பாத்துத் தீர்ப்புச் சொல்லுவார். ஜெமீல் அதை அட்டையில எழுதி வாசல்ல தொங்கவிடுவான்.

கார் ஓடுற கேமுக்குச் சொன்னார்: "முழுப் பொய். இவ்வளவு தூரம் ஓடுறான், ஒருத்தனும் இறக்கி அடையாள அட்டை கேக்கேல்ல."

உதைபந்தாட்டத்துக்கு: "தொண்ணூறு நிமிசமும் கரண்ட் நிக்கேல்ல. நம்ப ஏலாது."

சுவரேறிக் குதிக்கிறவன்ர கேமுக்கு: "பத்துத் தரம் செத்துப் பத்துத் தரமும் எழும்புறான். எங்கட பக்கம் நடக்காது."

திருப்பி ஏதும் கேட்டா ஒழுங்கான மறுமொழி வராது. எங்கட வாயையே பாத்துக்கொண்டிருந்திட்டு வேறென்னவோ சொல்லுவார். விமர்சகர் எண்டா மற்றவன் சொல்லுறதைக் கேக்கமாட்டார்தானே எண்டு விட்டிட்டம்.

சிக்கல் சண்டைக் கேமிலதான். எது வந்தாலும் ஒரே தீர்ப்பு.

"சத்தம் சரியில்ல. கழட்டு."

மூட்டை தூக்கிற கை. ஆரும் எதிர்த்துக் கதைக்கிறேல்ல.

ஒருமுறை ஜெமீல் கொழும்புக்குப் போய் புதுசா ஒரு சண்டைக் கேம் கொண்டுவந்தான். வழி முழுக்கச் செக்பொயின்றுகளில இறக்கி இறக்கி ஏத்தினதில முகம் செத்துப்போய் இருந்தது.

"மச்சான் யோகலிங்கம், இதையும் அவர் சரியில்லையெண்டா நான் கடையைப் பூட்டத்தான் வேணும். எல்லாரும் லிங்கநகர்க் கேம் கடைக்குத்தான் போறானுகள். அங்க நாள் முழுக்கச் சுடலாமாம்."

"அவருக்குச் சத்தத்தைப் பத்தி என்ன தெரியுமெண்டு இண்டைக்குப் பாப்பம். ரிமோட்டைத் தா" எண்டன் நான்.

அண்ணை வந்து இருந்தார். நான் ரீவிச் சத்தத்தைச் சுத்தமா நிப்பாட்டினன்.

கேம் ஓடுது. டாங்கி வெடிக்குது, ஹெலி விழுது. கடையில ஃபேன் சுத்துற சத்தம் மட்டும்.

அண்ணை ரீவியைப் பாத்தார். சுவர்ப்பக்கம் திரும்பினார். திரும்ப ரீவியைப் பாத்தார். பத்து நிமிசம் போச்சு.

"இதெல்லோ கேம்! சத்தமெண்டா இதுதான் சத்தம். பத்துக்குப் பத்து!"

கடை முழுக்கச் சிரிப்பு.

"அண்ணை, ஊமைக் கேமுக்கோ பத்து?" அவற்ற முதுகுக்குப் பின்னால நிண்டு கத்தினன். திரும்பேல்ல. கதவுத் தகரத்தில ரெண்டு அடி அடிச்சன். அதுக்கும் திரும்பேல்ல.

அப்பதான் விளங்கிச்சு. மனுசனுக்கு ரெண்டு காதும் கேக்காது.

ஜெமீலுக்குக் கோவம் தலைக்கேறிச்சு. "ஒரு வருசமா செவிடன்ட பேச்சைக் கேட்டுத்தானா நான் வியாபாரத்தைக் கெடுத்தன்? எழும்பச் சொல்லு அவரை!"

ரிமோட்டைப் பறிச்சான். சத்தத்தை முழுசாக் கூட்டினான். முதல் குண்டு வெடிச்சுது.

சுவருக்கு அங்கால ஒரு கிளாஸ் விழுந்து உடைஞ்சுது.

அண்ணை துள்ளி எழும்பினார். பாத்தது ரீவியை இல்ல, சுவரில ரெண்டு பலகைக்கு நடுவில இருந்த நீக்கலை.

நானும் குனிஞ்சு பாத்தன். அங்கால பல்கீஸ் அக்காட தேத்தண்ணிக் கடை. அவ மேசைக்குக் கீழ, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடக்கிறா.

ஜெமீல் ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஓடினான். "ராத்தா, என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல, கை வழுக்கிட்டு." எழும்பி முக்காட்டைச் சரி செய்தா. அவன் போகாம நிக்கவும் மெல்லமாச் சொன்னா: "மூதூரில அவரும் நானும் ஒரே செல் குண்டுக்குத்தான் தப்பின. அவருக்குக் காது போயிட்டு. எனக்குச் சத்தம் போகல்ல."

அந்தாள் ஒரு வருசமாச் சத்தத்தை அவட கையிலதான் பாத்திருக்கிறார். தேத்தண்ணி சிந்தினா சரியில்ல. சிந்தாட்டிப் பத்துக்குப் பத்து.

ஜெமீல் கடைக்குத் திரும்பி வந்தான். அட்டையை எடுத்து எழுதினான்: "புதுக் கேம். பத்துக்குப் பத்து. சத்தம் கிடையாது."

பாதிப்பேர் லிங்கநகருக்குப் போனவங்கள் போனதுதான். மிச்சம் நாங்கள், மீசை நரைச்ச தடியன்மார், வாயாலயே குசுகுசுவெண்டு "டுமீல், டுமீல்" எண்டு சுட்டுக்கொண்டு இருந்தம்.

சரி, கதை முடிஞ்சுது. தொண்டை காஞ்சுபோச்சு. கேட்ட கூலிக்கு ஆளுக்கொரு பிளேன்டி எடுங்கோ, எல்லாம் எனக்குத்தான். ஆனா இஞ்ச இருந்து கூப்பிட்டுச் சொல்லாதையுங்கோ. எழும்பி, கிட்டப் போய், பல்கீஸ் அக்காட்ட மெதுவாச் சொல்லுங்கோ.