பெருமாநல்லூர்க்காரர் குடித்த தண்ணீர்

"ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல ஊத்தினா, அது உள்ள எங்கீங்க நிக்கும்?"

என் மனைவி அன்புசெல்வி கேட்டதில் நியாயம் இருந்தது. உடம்பு இளைக்க வேண்டும் என்று என் இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கித் தைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது மில்லி பிடிக்கிற மருந்துக் கப்பில், கால் மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கச் சொல்லி முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நூற்று முப்பது கிலோ கட்டிங் மாஸ்டர் ஒருவன் மருந்துக் கப்பில் தண்ணீர் குடிப்பதா என்று ரோஷம் வந்து, அந்தச் சனிக்கிழமை காலை, அவள் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்துச் சொம்பைக் கவிழ்த்துவிட்டேன். போன வேகத்திலேயே திரும்பி வந்த தண்ணீர், புது மெத்தை விரிப்பையும் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் சேர்த்து நனைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தாலே பயம். தாகமும் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை ஆறு கப்தான் இறங்கியிருந்தது.

செல்வி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். துணியின் சாயத்தைப் பார்த்தே பழகியவள். சிறுநீர் கழித்துவிட்டு வெளியே வந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

"என்ன ஷேடுங்க?"

"மஸ்டர்டு."

"லெமன் யெல்லோவுக்கு வரோணும்ங்க."

டாக்டருக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை செக்கப்புக்குள் ஒரு நாளைக்கு ஐம்பது கப் குடிக்கப் பழகவில்லை என்றால் மறுபடி படுக்க வைத்து டிரிப் ஏற்றிவிடுவார்களாம். எனக்கு ஊசி என்றாலே நடுக்கம். இருந்தும் கப்பைக் கையில் எடுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்க கூடவே ஆபரேசன் பண்ணிக்கிட்டாருல்லீங்க, பக்கத்து ரூமு, பெருமாநல்லூர் இசக்கிமுத்து. அவரு இன்னைக்கு முப்பது கப்பு குடிச்சுட்டாருங்களாமா."

'அவரு' என்றாள். பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் 'அவரு' என்றால் நான் ஒருவன்தான்.

"அவரு குடிச்சா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. மனசுல உறுதி இருக்கறவங்க குடிக்கறாங்க."

கப்பை எடுத்தேன். தொண்டை திறந்துகொண்டது.

மறுநாள் இருபத்தெட்டு கப் முடித்துவிட்டுப் பெருமையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவரு முப்பத்தஞ்சுங்க. குடிச்சுப்போட்டு நாலு ரவுண்டு நடக்கவும் செஞ்சாராமா."

முகம்கூடத் தெரியாத அந்த மனிதரை வெறுக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமலை வைத்து அவருக்கு ஓர் உருவம் கொடுத்தேன். நல்ல உயரம், அடர்ந்த மீசை, ஒட்டிய வயிறு. ஒட்டிய வயிற்றுக்காரர் எதற்கு இந்த ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறார் என்றெல்லாம் பொறாமை யோசிப்பதில்லை.

தினமும் சாயங்காலம் போன் வந்தது. செல்வி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். சிரிப்புச் சத்தம் மட்டும் உள்ளே வரும். என் ஜோக் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொறாமைப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு கப் குடித்தேன்.

"அவரு சம்சாரம் குடுத்து வெச்சவங்க," என்றாள் ஒருநாள், எனக்கு இளநீர் வடிகட்டிக்கொண்டே. "சொல்றதுக்கு முன்னாலயே கப்பை நீட்டிப்போடறாராமா."

"அப்ப அவருக்கே போய் வடிகட்டிக் குடு."

"நம்ம சாமளாபுரத்துலிருந்து ரெண்டு பஸ்ஸு மாறோணும்ங்க," என்றாள். யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

வியாழக்கிழமை ஐம்பத்தொரு கப் குடித்தேன். அவர் ஐம்பத்து நாலு.

வெள்ளிக்கிழமை டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "டிரிப் தேவையில்லை, இப்படியே குடிங்க," என்றார். அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை. பெருமாநல்லூர்க்காரர் இதையும் முதலில் வாங்கியிருப்பாரே என்றுதான் தோன்றியது.

வெளியே வந்தேன். வராண்டா பெஞ்சில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு செல்வி சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் அளவுக்கே அகலமான, மீசையே இல்லாத ஒருவர் மருந்துக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"நீங்கதானா அண்ணாச்சி, அந்த வேல்குமாரு?"

"ஆமாங்க. நீங்க?"

"இசக்கிமுத்து. போன சனிக்கெழமை ஒரே நாள்ல நாப்பது கப்பு குடிச்சியளாமே. ஒரு வாரமா என் வீட்டுக்காரி இந்த அனுசுயா ஒங்க பெருமையப் பேசியே என் உசுர வாங்கிட்டா."

அந்தக் குரலில் இருந்த கசப்பு எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டது. நாற்பதா? அன்றைக்கு நான் குடித்ததே ஆறு கப்தான். செல்வியைத் தூணோரம் கூட்டிப்போனேன்.

"நெசத்தைச் சொல்லு. சனிக்கிழமை அவரு முப்பது கப்பு குடிச்சாருன்னியே, உள்ளபடி எத்தனை?"

"அஞ்சுங்க," என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "அனுசுயாவும் என்னையாட்ட லைன் சூப்பர்வைசர்தானுங்க. பக்கத்து லைன்ல நூறு பீஸ் முடிச்சுட்டாங்கன்னு சொல்லாம, எந்தக் கம்பெனியிலீங்க மிஷின் ஓடுது?"