இடது கணுக்காலில் வெள்ளைத் துணி

பந்தயத்தில் முதலில் வருகிறவன் நொண்டிக்கொண்டு வருகிறான் என்று புளியமரக் கிளையில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னார்கள்.

தேவஇரக்கம் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

சோணைமுத்துதான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் புறப்பட்டு, ஏழு மைல் ஓடி, ராஜபாளையம் மில் வாசலுக்கு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் இடது கால் வெளிப்பக்கம் வீசி விழுந்தது. கூடவே தோள் சாய்ந்து நிமிர்ந்தது.

ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தார் சார்.

சோணைமுத்து அந்த மில்லில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவன். கால் போனால் வேலை போச்சு. இதைச் சொல்லித்தான் அவன் பெண்டாட்டி சுடலைமாடத்தி இந்த ஓட்டமெல்லாம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றாள். அவன் காலுக்கு நான் பொறுப்பு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தவர் சார்.

கால் போவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு காலத்தில் சடுகுடுவில் சூரப்புலி. வத்திராயிருப்பில் ஒரு சாயங்காலம் ஏழு பேர் மொத்தமாக மேலே விழுந்ததில் இடது முட்டி திருகி எலும்பு முறிந்தது. வைத்தியர் போட்ட கட்டால் எலும்பு கூடியது. முட்டிதான் சரியாக மடங்க மறுத்துவிட்டது.

அப்புறம் ஒரு வருஷம் வீடு, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். வேறெங்கும் அவர் தலைகாட்டவில்லை. சடுகுடு என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சோணைமுத்து வாசலில் வந்து நின்றான். அவர் வயதுதான் அவனுக்கும். மில் சங்குக்குப் பயந்து ஓடியதைத் தவிர ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவன். எனக்கு ஓடச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்ல ஏனோ சாருக்கு வாய் வரவில்லை.

கண்மாய்க் கரையில், ஊர் விழிக்குமுன் பழக்கம். நாலு பேர் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் அந்த நேரம். சார் முன்னால் ஓடுவார், அவன் பின்னால் ஓடுவான். அரை இருட்டில் தெரிய வேண்டுமே என்று தம் இடது கணுக்காலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்வார்.

அங்கே இங்கே பார்க்காதே, இந்தத் துணியையே பார்த்து அப்படியே வா. இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சோணைமுத்துவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். உட்கார் என்றால் முள்ளா கல்லா என்று பார்க்க மாட்டான்.

ஆறு மாசத்தில் சார் மறுபடி மனுஷராகிவிட்டார். சிரித்தார். இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். நடந்தால்தானே இந்தக் கால் காட்டிக்கொடுக்கிறது, ஓடினால் காற்றாய்ப் போகிறோம் என்று அவருக்குள் ஒரு ரகசியப் பெருமை. ஆனாலும் விடிந்துவிட்டால் வேட்டியைத் தரை தொட இறக்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த வேட்டி தடுக்கத் தடுக்க இப்போது ரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"ஏலே, நில்லு. காலுக்கு என்ன?"

சோணைமுத்து நின்றுவிட்டான். மில் நூலைக் குறுக்கே கட்டியிருந்த எல்லைக்கு இன்னும் நூறு கெஜம் கிடந்தது. போன வருஷம் ஜெயித்த ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பி பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தான்.

சார் குனிந்து அவன் முட்டியை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார். அவன் முகம் சுளிக்கவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று மட்டும் விழித்தான்.

"காலுக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க ஓடுறாப்லதான ஓடுதேன்? காலை வீசி, தோளைச் சாய்ச்சு, பிசகாமத்தான வாரேன்?"

சார் அவன் கணுக்காலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

ஆக, இந்த ஆறு மாசமும் அவர் நொண்டித்தான் ஓடியிருக்கிறார். இவன் அதை வித்தை என்று எண்ணி ஒவ்வொரு அடியாகப் படித்து வைத்திருக்கிறான்.

வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த நொடியே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவருடைய நொண்டலை வைத்துக்கொண்டு ஒருத்தன் ஏழு மைலும் எல்லாரையும் முந்தி வந்திருக்கிறானே!

நம்பி அவர்களைத் தாண்டிப் போனான்.

ஓடு, ஓடு என்று சார் முதுகில் தட்டினார். சோணைமுத்து நகரவில்லை. சார் எதிரில் நிற்கும்போது அவரை முந்தி ஓடி அவனுக்குப் பழக்கமில்லை. எப்போதும்போல், வேட்டி மூடிய அவர் கணுக்கால் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோட்டின் இரண்டு பக்கமும் ராஜபாளையமே திரண்டு நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நின்றார்கள்.

சார் வேட்டியை மடித்துக் கட்டினார். கோணிப்போன முட்டி முதல் தடவையாக ஊரார் முன்னால் வெயிலில் தெரிந்தது. ஓடினார்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சீழ்க்கையாக மாறியது. காலை வீசி ஒருத்தர், அவர் பின்னால் அதே மாதிரி காலை வீசி இன்னொருத்தர். களைத்துப்போயிருந்த நம்பியின் முதுகு கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பிறகு காணவில்லை.

எல்லைக்கு முன்னால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது சாருக்கு மறந்தே போய்விட்டது. நூலை முதலில் அறுத்தது அவர் நெஞ்சுதான்.

நோட்டோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா வைகுண்டராஜ் திகைத்துப்போனார். பட்டியலிலேயே இல்லாத ஆள். முதல் பெயராக யாரை எழுதுவது என்று கேட்டார்.

இது என் ஆள், இவன்தான் ஜெயித்தான் என்று சொல்லச் சார் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை.

முந்திக்கொண்டவன் சோணைமுத்துதான்.

"அவிய பேரையே எழுதுங்கய்யா. நான் என்னைக்கும் அவியளுக்குப் பொறவுதான்."